பன்னிரண்டாவது மூலை

எனக்குக் கோழி என்றால் பயம். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் இருதய அருண் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆறு வயதில் பிரம்மதேசத்தில் ரோஜா அத்தை வீட்டில் இருந்தபோது ஒரு கோழி பறந்து வந்து என் கன்னத்தில் கொத்திவிட்டது. இடது காதுக்கு முன்னால் மிளகு அளவுக்கு ஒரு பள்ளம் இன்னும் இருக்கிறது. முனைவர் பட்டம் வாங்கிவிட்டால் மட்டும் கோழிப் பயம் போய்விடுமா என்ன?

அதனால்தான் அப்பாவுக்கு அக்கி எழுதத் திண்டிவனத்தில் பச்சைமுத்து வீட்டுக்குப் போன அன்று நான் உள்ளே போகவில்லை. பச்சைமுத்து மண்பாண்டம் செய்கிறவர். அவர் வீட்டு வாசல் முழுக்கப் பானையும் கோழியும். நான் ஆட்டோவிலேயே உட்கார்ந்துகொண்டேன். அப்பா சட்டையைக் கழற்றியதையும், பச்சைமுத்து காவிக் கல்லை இழைத்ததையும் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. கொப்புளத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

எங்கள் பக்கத்தில் விலாவிலோ இடுப்பிலோ கொத்துக் கொத்தாகக் கொப்புளம் எழும்பி நெருப்பாக எரிந்தால் அதற்கு அக்கி என்று பெயர். சூட்டினால் வருவது என்பார்கள். ஆஸ்பத்திரிக்கு முன்னால் குயவர் வீட்டுக்குத்தான் போவோம். கொப்புளத்தின் மேலேயே காவியால் ஒரு சிங்கத்தை எழுதிவிடுவார்கள். சிங்கம் அக்கியைத் தின்றுவிடும். மூன்றாம் நாள் வரை அதில் தண்ணீர் படக்கூடாது. என் அப்பா சின்னப்பராஜ் கட்டட மேஸ்திரி, ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவற விடாதவர். அவர் விலாவில் சிங்கத்தோடு வீடு திரும்பியதும் அம்மா அமல்ராணி அந்தச் சிங்கத்தின் நெற்றிக்கு நேராகக் கட்டை விரலால் சிலுவை போட்டாள். இரண்டு பக்கமும் காவல் இருக்கட்டுமே என்பது அவள் கணக்கு.

நான் சிரித்தேன். எனக்கு அது ஊர்ச் சமாச்சாரம். மோர் குடி, வெயிலில் போகாதே என்பதோடு சேர்ந்தது. என் மூளையில் வீடு ஓர் அறை, வேலை இன்னோர் அறை. நடுவில் கதவு வைக்க எனக்குத் தோன்றவில்லை.

வேலை என்று நான் சொல்வது இதுதான். ஹெர்பிஸ் என்று ஒரு வைரஸ் குடும்பம். வாய்ப்புண் தருவது ஒன்று, சின்னம்மை தருவது ஒன்று என்று அதில் பல பங்காளிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் புரதத்தால் ஆன கெட்டியான ஓர் ஓடு இருக்கும். ஒரு தலைமயிரின் அகலத்தில் ஐந்நூறுக்கு மேல் வரிசையாக வைத்துவிடலாம், அத்தனை சிறியது. அந்த ஓட்டுக்குள்தான் வைரஸின் டி.என்.ஏ. நான் கிருமியைத் தொடுபவள் இல்லை. பெங்களூரில் அந்த அம்மை வைரஸை உறைய வைத்து நுண்ணோக்கியில் படம் எடுப்பார்கள். புதுச்சேரியில் ஓர் ஆய்வகத்தில் உட்கார்ந்து அந்தப் படங்களிலிருந்து ஓட்டின் அமைப்பைக் கணக்கிட்டு எடுப்பது என் பிழைப்பு. ஒற்றைப் படத்தில் ஒன்றும் தெரியாது, மணலை இறைத்த மாதிரி சாம்பல் நிறமாக இருக்கும். ஆயிரக்கணக்கான படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தால் உருவம் தெளியும். இருபது முக்கோண முகங்கள், பன்னிரண்டு மூலைகள். பார்க்க அழகு. சத்தியமாக அழகு.

அதில் ஒரு பொறி இருக்கிறது. பன்னிரண்டு மூலையும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டால் படம் சுத்தமாக வரும், ஆனால் பொய்யாக வரும். பதினொன்றுதான் ஒரே மாதிரி. பன்னிரண்டாவது மூலை வாசல். டி.என்.ஏ உள்ளே போவதும் வெளியே வருவதும் அந்த வழியாகத்தான். மற்ற பதினொன்றோடு சேர்த்துச் சராசரியில் தேய்த்தால் அந்த ஒன்று அடையாளம் இல்லாமல் மறைந்துபோகும். அதைத் தேய்க்காமல் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அப்பாவுக்கு இதில் பிடித்த இடம் வேறு. ஓடு உருவாகும்போது உள்ளே வேறு புரதங்கள் சாரம் மாதிரி நின்று தாங்கும். ஓடு கட்டி முடிந்ததும் சாரம் பிரிந்துவிடும், அந்தக் காலி இடத்தில் டி.என்.ஏ திணிக்கப்படும். இதைச் சொன்னபோது அப்பா வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"உள்ள நின்னுக்கினு சாரம் கட்டனா, அப்புறம் எப்பிடிப் பிரிச்சி எடுத்துக்கினு வருவான்?"

துண்டு துண்டாக வெட்டிவிடும் என்றேன். கெட்டிக்காரப் பயல் என்றார். அவர் பாராட்டியது என்னை இல்லை, வைரஸை.

மூன்றாம் நாள் காலையில் வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் சிங்கத்தைக் கழுவ வேண்டும். அப்பாவுக்கு வலியில் சட்டை உரசினாலே உயிர் போனது. அம்மா கை வைக்கப் பயந்து, உன் கைதான் மெத்தென்று இருக்கும் என்று துணியை என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் நான்காம் மாதம் முழுகாமல் இருந்தேன். ஆறு வருடம், ஊரே விசேஷம் உண்டா என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகு வந்த பிள்ளை. குனியக் கூடாதென்று முக்காலி போட்டு உட்கார்ந்து மெல்ல ஒத்தி ஒத்திக் கழுவினேன். காவி கரைந்து என் மணிக்கட்டு வழியாகச் சிவப்பாக ஓடியது. துணிக்கு அடியில் இரண்டு மூன்று கொப்புளங்கள் உடைந்து நீர் கசிந்தது. புழுக்கத்தில் மூக்கு அரித்தது. ஈரக் கையாலேயே தேய்த்துக்கொண்டேன்.

பிறகுதான் சிங்கம் முழுக்கப் போய், அடியில் இருந்தது தெரிந்தது.

முதுகெலும்பை ஒட்டித் தொடங்கி, இடது விலாவைச் சுற்றிக்கொண்டு மார்புக்கு வந்து, நடுவில் கோடு கிழித்த மாதிரி நின்றிருந்தது. வலது பக்கம் ஒரு பொட்டு இல்லை. ஒற்றை நரம்பு போகிற பாதை அது. அதன் படத்தை மாணவர்களுக்கு என் வகுப்பில் எத்தனையோ முறை போட்டுக் காட்டியிருக்கிறேன். சிறு வயதில் அம்மையாக வந்த வைரஸ் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் படுத்துக்கொள்கிறது. உடம்பு தளரும்போது எழுந்து, நரம்பு வழியாகத் தோலுக்கு வந்து, கொப்புளமாக வெடிக்கிறது. அம்மையும் அக்கியும் ஒரே ஆசாமி. அந்தக் கொப்புள நீர் முழுக்க அவன்தான்.

அப்பாவுக்குச் சிறு வயதில் அம்மை போட்டதா என்று கேட்டேன். போட்டது என்றார். என் கை துணியோடு அப்படியே நின்றுவிட்டது. அடுத்த கேள்விக்குப் பதில் எனக்கே தெரியும், இருந்தாலும் அம்மாவிடம் கேட்டேன். எனக்கு அம்மை வந்திருக்கிறதா?

அம்மாவுக்கு அது பெருமைப்பட வேண்டிய கேள்வி.

"உனக்கா? ஒரு பொட்டு வுழல. தெருவுல இருக்கிற புள்ளைங்க அத்தினியும் படுத்துக்கினு கெடந்துது. நான் செபஸ்தியாருக்கு நேந்துக்கினு, ஜல்தியா ஒன்ன ரோசா வூட்டுக்கு அனுப்பிட்டேன். அவரு கை உடல."

என் வாழ்நாள் முழுவதும் கேட்டு வளர்ந்த வாக்கியம் அது. ஒவ்வொரு தை மாதமும் அம்மா செபஸ்தியார் திருவிழாவில் இதற்காகவே உப்பும் மிளகும் கொட்டுவாள். தெருவில் எல்லோருக்கும் வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. நானும் அதைப் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தேன். ஒருமுறை வந்தவர்களின் ரத்தத்தில் எதிர்ப்பு இருக்கும், இரண்டாம் முறை அம்மை வருவது அபூர்வம். எனக்கு அந்த எதிர்ப்பு இல்லை. வயிற்றில் பிள்ளையோடு, வெறும் கையோடு, நான் அந்த நீரில் அளைந்து மூக்கிலும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

சோப்புப் போட்டுக் கழுவினேன். திரும்பக் கழுவினேன். தோல் எரியும் வரை கழுவினேன். சோப்பு பட்டால் அந்த வைரஸின் மேலுறை கரைந்துவிடும், அது எனக்குத் தெரியும். மூக்குக்குள் போனதை எந்தச் சோப்பால் கழுவுவது? அம்மா வாசற்படியில் நின்று என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சொன்னேன். ஒளிக்காமல் சொன்னேன். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குக் கையோ காலோ சூம்பிப் பிறக்கலாம், கண் போகலாம் என்றேன். அப்பா எழுந்து, கழற்றிப் போட்ட சட்டையைக்கூட எடுக்காமல் பின்பக்கம் சிமென்ட் மூட்டை அடுக்கும் கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டாக்டரைப் பார்க்க அப்போதே விழுப்புரம் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நகரவில்லை. பக்கத்தில் கரும்பு லாரி. அதன் டயர் என் முகத்துக்குக் கீழே சுமை தாங்காமல் பிதுங்கிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டுக்குள் டி.என்.ஏ எவ்வளவு இறுக்கமாகத் திணித்திருக்கும் என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் லாரி டயர். டயரைப் போல் இரண்டு மடங்கு அழுத்தம் என்பேன். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள், எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இப்போது அதே விஷயத்தை எனக்கே பாடம் எடுத்துக்கொண்டேன். ஓடு செல்லுக்குள் நுழையும். உள்ளே பாதை தெரிந்த மாதிரி போய், செல்லின் உட்கருவில் இருக்கும் ஒரு துளையில் தன் பன்னிரண்டாவது மூலையைச் சரியாகப் பொருத்திக்கொள்ளும். வாசல் திறக்கும். உள்ளே இறுகிக் கிடந்தது ஒரே பாய்ச்சலாகப் பாயும். காலி ஓடு வெளியிலேயே நிற்கும். பிறகு அந்தச் செல் தன் வேலையை விட்டுவிட்டு வைரஸுக்கு ஓடு செய்ய ஆரம்பிக்கும். நான்கு வருடமாக அந்த வாசலைப் பார்க்க வேண்டும், பார்க்க வேண்டும் என்று தவம் கிடந்தேன். ஒரு தடவைகூட அது எங்கே போய்த் திறக்கிறது என்று பயந்ததில்லை. பக்கத்து சீட்டுப் பாட்டியம்மா மசக்கையா என்று கேட்டு எலுமிச்சம்பழம் நீட்டினார். வாங்கி முகர்ந்தேன்.

விழுப்புரத்தில் டாக்டர் பிரபாவதி முழுவதையும் கேட்டார். திட்டவில்லை. அக்கி நீரிலிருந்து அம்மை தொற்றலாம், தொற்றினாலும் பிள்ளையைப் பாதிப்பது நூறில் ஒன்றிரண்டுதான் என்றார். முதலில் ரத்தத்தில் எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்ப்போம், இல்லையென்றால் ஓர் ஊசி இருக்கிறது, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும், அதற்கு நாள் இருக்கிறது என்றார். எதிர்ப்பு இருக்க வாய்ப்பே இல்லை, இன்றைக்கே ஊசிக்குச் சொல்லிவிடுங்கள் என்று நான் அடம்பிடித்தேன். தெருப் பிள்ளைகள், செபஸ்தியார், பிரம்மதேசம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, என் கன்னத்தைப் பார்த்து அது என்ன தழும்பு என்று கேட்டார். கோழி கொத்தியது என்றேன். அப்படியா என்று மட்டும் சொன்னார்.

முடிவு வரும் வரை விழுப்புரத்தில் எங்கள் வீட்டிலேயே அடைந்து கிடந்தேன். அருண் ரயில்வேயில் கார்டு. லீவு போட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நூறில் இரண்டு என்றால் தொண்ணூற்றெட்டு நமக்குத்தானே என்று ஆறுதல் சொல்லப் பார்த்தார். நான் பாய்ந்தேன். பிள்ளை நூறா பெறப்போகிறேன், ஒன்றுதானே பெறப்போகிறேன் என்று கத்தினேன். அவர் அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்து உரித்துத் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார், ஒன்றைக்கூடத் தின்னவில்லை. பாவம். அவருக்கும் பயம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கண்ணை மூடினால் என் சொந்தப் படங்களே வந்தன. வயிற்றுக்குள் விரல் அளவு பிள்ளை. அதன் கை எலும்பு இப்போதுதான் நீளுகிறது. கண்மணி இப்போதுதான் கூடுகிறது. சாரம் கட்டி நிற்கும் வீடு அது. அந்த நேரம் பார்த்து இன்னொருவன் வந்து அதே சுவரில் தனக்கு ஓடு கட்ட ஆரம்பித்தால்? செபம் சொல்லப் பார்த்தேன். வார்த்தை வரவில்லை, முக்கோணம்தான் வந்தது.

அம்மா போன் செய்து அழுதாள். அப்பா மாத்திரை சாப்பிடுகிறார், ஆனால் கொட்டகையை விட்டு வர மாட்டேன் என்கிறார், சோற்றுத் தட்டைக்கூடக் கதவருகே வைத்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொல்கிறார் என்றாள். அவரிடம் கொடுக்கச் சொன்னேன். கொட்டகைக்குள்ளிருந்தே பேசினார்.

"நான் ஒன் வூட்டுப் பக்கம் வரமாட்டேன் பாப்பா. புள்ள பொறந்தாலும் வரமாட்டேன். எட்ட நின்னு பாத்துக்கினு போயிடுறேன்."

உன் மேல் தப்பில்லை அப்பா என்று சொல்ல நினைத்தும் சொல்லாமல் போனை நீட்டினேன். அருண் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் டாக்டர் பிரபாவதி கூப்பிட்டு அனுப்பினார். அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். எனக்கு எதிர்ப்பு இருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, நன்றாகவே இருந்தது. ஊசி வேண்டாம், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள் என்றார்.

நான் நம்பவில்லை. ரத்தம் மாறியிருக்கும், திரும்ப எடுங்கள் என்று வாதாடினேன். எனக்கு அம்மை வந்ததே இல்லை என்று நானே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னேன். டாக்டர் எழுந்து வந்து என் காதுக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் விரல் வைத்தார்.

"கோழி இவ்ளோ வட்டமா கொத்தாதும்மா."

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அருண் பயந்துபோய் எழுப்பினார். நல்ல செய்திதான் என்று சொல்லவே எனக்கு நேரம் பிடித்தது. பிறகு அம்மாவுக்குப் போன் போட்டேன். அவள் ஸ்தோத்திரம் சொல்லி முடித்த பிறகு, கன்னத்தில் இருப்பது அம்மைத் தழும்பு என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். ரோஜா அத்தை இறந்து இரண்டு வருடமாகிறது, அத்தையிடம் கேட்க வழியில்லை.

"அந்தக் கோழிய அறுத்துக் கொழம்பு வெச்சிட்டேன் அண்ணினு சொன்னாளே. கன்னத்துல பள்ளம் வுழுந்துட்ச்சேனு நான் அவ கூட எம்மா நாளு பேசாம இருந்தேன் தெரியுமா? ஒரு வார்த்த சொல்லல பாரு."

சொல்லியிருந்தால் அம்மா தாங்கியிருக்க மாட்டாள் என்பது அத்தைக்குத் தெரிந்திருக்கும். உன் வீட்டுக்கு நம்பி அனுப்பினேனே என்று அழுதிருப்பாள், நேர்த்தி பலிக்கவில்லை என்று இடிந்து போயிருப்பாள். பாவம் ஒரு கோழி, செய்யாத குற்றத்துக்குக் குழம்பாகிவிட்டது.

பஸ்ஸில் கண்ணில் படாத விஷயங்களெல்லாம் அந்த பெஞ்சில் தெளிவாக வந்தன. அத்தை வீட்டின் இருட்டறை. ஜன்னலில் கட்டிய சேலை. பழைய வேட்டித் துணியில் என்னைப் படுக்க வைத்து, சொறியாதே கண்ணு என்று அத்தை வேப்பங்கொழுந்தால் தடவிக்கொண்டே இருந்தது. நிலைப்படியில் செருகிய வேப்பிலைக் கொத்து. இதெல்லாம் எனக்கு எப்போதும் ஞாபகம் இருந்ததுதான். கோழி கொத்திய புண்ணுக்கான வைத்தியம் என்று சேர்த்து வைத்திருந்தேன். கோழி கொத்தியதற்கு யாராவது நிலைப்படியில் வேப்பிலை செருகுவார்களா? எல்லோரும் சொன்னதையே நானும் சொல்லிச் சொல்லி அந்த ஒரு மூலையைத் தேய்த்து மறைத்துவிட்டேன். அதைத் தேய்க்காமல் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மாலையில் அப்பாவுக்கு நானே போன் செய்து சொன்னேன். அப்படியென்றால் நான் வரலாமா என்று கேட்டார். கொப்புளம் காயட்டும், பிறகு வா, பிள்ளையைத் தூக்க உன் கைதான் முதலில் வேண்டும் என்றேன். அம்மாவுக்கு வேறு கவலை. அம்மை வராததற்காக இத்தனை வருடம் போட்ட உப்பும் மிளகும் என்ன கணக்கில் சேரும், இனிமேல் போடுவதா வேண்டாமா என்று கேட்டாள். போடு என்றேன். நான் அப்படிச் சொன்னது அவளுக்கே ஆச்சரியம்.

போனை வைத்த பிறகுதான் அது எனக்கு முழுக்கப் புரிந்தது. அம்மை வந்து போயிருக்கிறது என்றார் டாக்டர். வந்தது சரி. போகவில்லையே. அது போவதே இல்லையே. எது உள்ளே நுழைந்துவிடுமோ என்று பஸ்ஸில் நடுங்கிக்கொண்டு வந்தேனோ அது என் ஆறு வயதிலேயே உள்ளே வந்துவிட்டது. ஓடு இல்லாமல், வாசல் இல்லாமல், வெறும் இழையாக என் முதுகெலும்பை ஒட்டி நரம்புக்குள் படுத்திருக்கிறது. நான் திரையில் அதைத் தேடிக்கொண்டிருந்த நாலு வருடமும் அது என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. நான் தளரும் நாளுக்காகக் காத்திருக்கிறது. அன்றைக்குச் சாரம் கட்டும். என் பிள்ளை இன்று பிழைத்தது அது எனக்குள் வந்ததால்தான் என்பதையும் நான் மறுக்க முடியாது.

கோழி கொத்தவே இல்லை என்று தெரிந்த பிறகும் கோழிப் பயம் போகவில்லை. நேற்றுகூடத் தெருவில் ஒன்றைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போனேன். அருண் சிரித்தார். குனிந்து நிமிரும்போது மட்டும் என் ஒரு கை வயிற்றுக்கும் ஒரு கை முதுகெலும்புக்கும் தானாகப் போகிறது. அதைப் பார்த்து அவர் சிரிப்பதில்லை.